எங்கள் தெருவில் யாரும் நடப்பதில்லை

காலையில் மாடி போர்ஷன் பார்க்க வந்தபோது நீங்கள் கேட்டது இரண்டே கேள்விதான். ஏரியா எப்படி? குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் கிடைப்பார்களா? இரண்டுக்கும் நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். ரொம்ப அமைதியான ஏரியா. ஆள் தாராளமாகக் கிடைப்பார்கள். நீங்களும் நம்பி, இடுப்பில் இருந்த குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்துவிட்டுப் போனீர்கள். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். உங்கள் குழந்தைக்கும் என் நிலானிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயதுதான் இருக்கும். அந்த நினைப்போடு என்னால் படுக்க முடியவில்லை.

நீங்கள் தெருவில் இறங்கியபோது எதிர் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர், என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கவனித்திருப்பீர்கள். அவர் பத்மநாபன் சார். எங்கள் ராஜமாணிக்கம் நகர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்னை ‘நம்ம பொண்ணு’ என்று சொன்னவர்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. எழுதினால்தான் எனக்கு எதுவுமே வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

என் பெயர் வினோதினி. கணவர் பிரசன்னா கப்பலில் எஞ்சினியர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். நிலானி பிறந்த இருபத்தைந்தாம் நாள் கப்பல் ஏறினார். மாமனார் கட்டிய வீடு இது, ஆனால் அவர்கள் திருச்சியில் இருக்கிறார்கள். இந்த வீட்டில் நானும் குழந்தையும் மட்டும்தான். எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்ன, ரொம்பவே. கேட் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். சங்கத்து வாட்ஸப் குரூப்பில் குழந்தை கடத்தும் கும்பல், வெள்ளை வேன் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பொய் என்று தெரிந்தாலும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அம்மாவாகிவிட்டால் பொய்க்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தானே?

மலர்க்கா வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். மலர்க்கொடி என்று முழுப் பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் தெரு முடிகிற இடத்தில் கால்வாய் இருக்கிறது, பார்த்தீர்களா? அதன் கரையில் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருக்கும். அங்கேதான் வீடு. கணவர் பெயின்டர், சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து இடுப்பு சரியில்லை. பெண் நித்யா நர்சிங் இரண்டாம் வருடம். மலர்க்கா காலை எட்டு மணிக்கு வந்தால் சாயந்திரம் ஐந்து வரைக்கும் நிலானி அவர் கையில்தான். என் குழந்தை முதன்முதலில் சிரித்தது அவரைப் பார்த்து. இதை எழுதும்போதுகூட எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. பொய் சொல்வானேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள். கரையில் இருக்கிற வீடுகள் எப்படியும் போகும். அந்தக் குடும்பங்களுக்காக, எங்கள் தெருக்கோடியில் பழைய குடோன் இருந்த காலி மனையில் ஐந்து மாடி அடுக்கு வீடு கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. நூற்று இருபது குடும்பம். விருப்பம் இல்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே, முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் வீடு. கூடவே இன்னொன்று: புது வீடுகளிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும், எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் நடைபாதை.

வீடுகள் என்றதுமே எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்ல நடைபாதை கிடைத்தது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்கு ஒரு சரிவு மேடை கட்டி வைத்திருக்கிறோம், ரோட்டுக்குள் நான்கு அடி நீட்டிக்கொண்டு. டைல்ஸ் போட்டது, கிரானைட் போட்டது, துளசி மாடம் வைத்தது என்று விதவிதமாக. நடைபாதை வந்தால் அத்தனையும் இடிபடும்.

பத்மநாபன் சார் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து மூன்று வருடத்தில் என்னை ஒருவர் கூப்பிட்டு நாற்காலி போட்டது அன்றைக்குத்தான்.

“ஒரு பிளாட்பாரம் வந்தா அதோட நிக்காதும்மா,” என்றார் சார். “பூக்கடை வரும். இட்லிக்கடை வரும். அப்புறம் ராத்திரியோட ராத்திரியா ஒரு கோயில் வரும்.”

“கோயில் வந்தா நல்லதுதானே சார்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“பிளாட்பாரத்துல முளைக்கிற கோயிலைச் சொல்றேன்யா. உண்டியல் மட்டும் பெருசா இருக்குமே, அது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காபி கொடுத்தார்கள். மனு எழுத வேண்டும், இங்கிலீஷில் இருந்தால்தான் மதிப்பு என்று பேச்சு வந்தது. சார் என் பக்கம் திரும்பினார்.

“நம்ம பொண்ணு இருக்கே. கான்வென்ட்டு! அது எழுதிக் குடுத்தா கமிஷனர் எழுந்து நின்னு படிப்பாரு.”

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ரொம்பக் கண்டிப்பு. கோபப்படாதே, மூன்று காரணம் சொல், மூன்றாவது காரணம் மனதைத் தொட வேண்டும் என்பார். அடுக்கு வீடும் நடைபாதையும் வேண்டாம் என்று அப்படியே எழுதினேன். முதல் காரணம் வாகனங்கள். இரண்டாவது மரங்கள். மூன்றாவது, கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்மார்களின் பாதுகாப்பு. ‘நாங்கள் ஏழைகளுக்கு எதிரானவர்கள் அல்ல’ என்று ஒரு வரி, அதன் பின்னால் ஒரு ‘ஆனால்’. நடைபாதையைப் பற்றி, ‘எங்கள் தெருவில் யாரும் நடப்பதில்லை. எல்லா வீட்டிலும் வாகனம் உண்டு. ஆகவே இது வீண் செலவு’ என்று எழுதினேன். இரண்டு பக்கம். இப்போதும் சொல்வேன், அதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

எழுதி முடித்த அன்று மதியம் மலர்க்கா நிலானிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம்.

“தண்ணி லாரி வந்துச்சும்மா. ஒதுங்க எடம் எங்க கீது? பாப்பா வண்டிய சார் வூட்டு மேடை மேல ஏத்திட்டேன். என் காலுதான் மாட்டிக்கிச்சு.”

நான் டெட்டால் எடுத்துக் கொடுத்தேன். “ஆட்டோவுல வந்திருக்கலாம்ல அக்கா,” என்றுகூடக் கடிந்துகொண்டேன். மேஜை மேல் அந்த மனு இருந்தது. அதன் மேல் ஒரு பேப்பர் வெயிட்டும் இருந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

தெருவில் மொத்தம் நாற்பத்து மூன்று வீடு. நூறு கையெழுத்தாவது இருந்தால்தான் எடுபடும் என்றார் சார். பெரியவர்கள், கல்லூரி போகும் பிள்ளைகள் எல்லோரும் போட்டும் எண்பதைத் தாண்டவில்லை. சார்தான் வழி சொன்னார். “வீட்ல வேலை செய்றவங்க, வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், எல்லாரும் பொழுதுக்கும் இங்கதானே இருக்காங்க? அவங்களும் நம்ம ரெசிடென்ட்ஸ் மாதிரிதான்.” அவரவர் வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் அவரவர் வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது.

மலர்க்கா அப்போது நிலானிக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் தாளை நீட்டினேன்.

“அக்கா, இதுல ஒரு கையெழுத்து.”

“இன்னாதும்மா இது?”

“ரோடு விஷயமா.”

“தண்ணி லாரிக்கா?”

“அது மாதிரிதான்.”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பெயரை மட்டும் நன்றாகப் போடுவார். ‘கொ’வுக்குக் கொம்பு கொஞ்சம் நீளமாக இருக்கும். எதிரே முகவரிக்கு ஒரு கட்டம் இருந்தது. “அட்ரஸு நீயே எழுதிக்கம்மா,” என்றார். மற்ற வீடுகளில் எல்லாம் வேலைக்காரர்கள் பெயருக்கு நேரே தங்கள் வீட்டு நம்பரையே போட்டுவிட்டார்கள். எனக்குத்தான் அது பொய்யாகப் பட்டது. முகவரியில் பொய் எழுதக் கூடாது என்று கான்வென்டில் பழக்கியிருந்தார்களே. அதனால் உள்ளபடி எழுதினேன்: மலர்க்கொடி, கால்வாய்க்கரை. கையெழுத்தை வாங்குகிற இடத்தில் சொன்ன பொய் எனக்குப் பொய்யாகவே படவில்லை, பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து, மெயின் ரோடு சமூகக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் முன்வரிசை. கால்வாய்க்கரை ஆட்கள் பின்னால், பாதிப் பேர் நின்றுகொண்டு. மலர்க்காவும் நித்யாவும் அங்கே இருந்தார்கள். நிலானி என் மடியில். கூட்டத்தை நடத்திய அதிகாரி ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். என் மனுவை முழுக்கத் தமிழில் சொல்லிக் காட்டினார். தமிழில் கேட்கும்போது அது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. ‘எங்கள் தெருவில் யாரும் நடப்பதில்லை’ என்றபோது பின்னால் ஒருவர் சத்தமாகவே, “அப்ப நாங்கல்லாம் பறந்தாம்மா வர்றோம்?” என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

பிறகு அதிகாரி கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

“கால்வாய்க்கரையில இருந்தே ஒருத்தர் வேண்டாம்னு போட்டிருக்காங்க. மலர்க்கொடி. யாருங்க?”

சிரிப்பு நின்றது. மலர்க்கா எழுந்தார்.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

பக்கத்தில் போய்ப் பார்த்தார். “ஆமா மேடம்.”

“உங்க பேரு டோக்கன் லிஸ்ட்லயும் இருக்கே. வீடு வேணும்னு அதுல கேட்டிருக்கீங்க, வேணாம்னு இதுல கேட்டிருக்கீங்க. தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

மலர்க்கா திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். நிலானி அவரைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எம்பினாள். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“தெரிஞ்சுதான் போட்டேன்,” என்றார் மலர்க்கா.

பின்னால் இரைச்சல் கிளம்பியது. “அடிப்பாவி மலரு! எவ்ளோடி வாங்கின?” என்று ஒரு பெண் கத்தினாள். “முதலாளியம்மா வூட்லயே ரூம்பு போட்டுத் தர்றாங்களாமா?” என்று இன்னொருத்தி. நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி, விருப்பமில்லை என்றால் அந்தக் குடும்பம் தூரத்து வீடுகளின் பட்டியலுக்குப் போகும், மாற்ற வேண்டுமானால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

நான் எழுந்து நின்றிருக்கலாம். ‘நான்தான் வாங்கினேன், விஷயத்தைச் சொல்லவில்லை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மடியில் குழந்தை இருந்தது. அதைத்தான் அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், குழந்தை இருந்தது, குழந்தை இருந்தது என்று.

வெளியே வரும்போது பத்மநாபன் சார், “கால்வாய்க்கரை ஆளே நம்ம பக்கம்! அந்த அட்ரஸை எழுதினது யாரு, நீயாம்மா? பிரமாதம்,” என்றார்.

மறுநாள் மலர்க்கா வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பிரசன்னாவிடம் சொன்னேன். கடலிலிருந்து லைன் விட்டு விட்டுக் கேட்டது. “உனக்கு எதுக்கு டென்ஷன்? வேற ஆள் பாரு,” என்றார். அவர் நல்லவர்தான். அந்தப் பதில்தான் எனக்கும் வேண்டியிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. மலர்க்கா என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் தெரிந்தே போட்டதாகச் சொன்னார், என் மேல் அவ்வளவு பாசம், என்று நினைத்து நினைத்து அழுதேன். அழுகையில்கூட ஒரு சுகம் இருந்தது, இப்போது யோசித்தால்.

ஒன்பதாவது நாள் ஒரு தாளில் நானே எழுதி எடுத்துக்கொண்டு, நிலானியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனேன். எட்டு மாதமாக என் குழந்தையை வளர்த்தவரின் வீட்டை அதுவரை நான் பார்த்ததில்லை. நடந்தால் ஆறு நிமிடம். ஆனால் எங்கே நடப்பது? இரண்டு மேடைக்கு நடுவில் ஒதுங்கி, கார் போனதும் ரோட்டில் இறங்கி, ஹாரன் கேட்டால் மறுபடி ஒதுங்கி. என் வீட்டு மேடையே என் வண்டிச் சக்கரத்தை இடித்தது. அன்றைக்கு முன்னால் அந்தத் தெருவில் நான் நடந்ததே இல்லை.

நித்யாதான் வெளியே வந்தாள். முன்பெல்லாம் என்னை அக்கா என்பாள்.

“சொல்லுங்க மேடம்.”

நான் தாளை நீட்டினேன். “இதுல அம்மா ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன். வீடு திரும்பக் கிடைச்சுடும்.”

அவள் வாங்கி, அங்கேயே நின்று சத்தமாகப் படித்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். “மலர்க்கொடி ஆகிய நான், எழுதப் படிக்கத் தெரியாத காரணத்தால், தவறுதலாக மேற்படி மனுவில் கையெழுத்திட்டுவிட்டேன். இதற்காக வருந்துகிறேன்.” படித்துவிட்டு மடித்தாள்.

“தப்பு பண்ணது எங்கம்மாவா மேடம்? வருந்தறதும் அவங்கதானா?”

 உள்ளே மலர்க்கா கணவருக்கு இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்தார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

“அன்னைக்கு நீங்க என்னை விட்டுக்குடுக்காம எனக்காக அப்படிச் சொன்னீங்கக்கா. நான்தான் வாயத் திறக்கல…”

“உனக்காகவா?” மலர்க்கா முதல்முறையாக என்னிடம் கோபப்பட்டார். “உனக்காகன்னு யாரும்மா சொன்னது? ஊரே நின்னு பாத்துகினு கீது. காட்டுன எடத்துல கையெழுத்து போட்ட முண்டம் நானுன்னு என் பொண்ண வச்சிகினு சொல்லிக்கணுமா? அதுக்குத் தெரிஞ்சே போட்டேன்னு சொல்லிட்டா, கெட்டவளுன்னாவது நெனைப்பாங்க. அவ்ளோதான். நீ அதுல எங்கயும் இல்ல.”

 நிலானி வண்டியிலிருந்து அவர் புடவையை எட்டிப் பிடித்து இழுத்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக விடுவித்தார்.

“தண்ணி லாரிக்கான்னு கேட்டேன்,” என்றார்.

“அது மாதிரின்னு சொன்னேன்.”

“ஆங். அது மாதிரின்னுதான் சொன்ன.”

நித்யாதான் முடிவாகப் பேசினாள். நிதானமாக, ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பேசுவது போல. “உங்க பேர்ல நீங்க எழுதுங்க மேடம். ஏமாத்தி வாங்கினேன்னு எழுதுங்க. அம்மா எதுக்குன்னு கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, அதையும் எழுதுங்க. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒரு எடத்துலயும் வரக் கூடாது. மனு இங்கிலீஷ்ல இருந்துச்சுன்னு போடுங்க. இங்க பெரியவங்க யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, அதுல ஒண்ணும் அசிங்கம் இல்ல.”

“எழுதறேன்,” என்றேன். அதற்கப்புறம் நான் என்ன கேட்டேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். “அக்கா, நாளைலேர்ந்து வருவீங்களா?” என்று கேட்டேன்.

நித்யா சிரித்துவிட்டாள். மலர்க்கா தள்ளுவண்டியின் மறைப்பை இழுத்து விட்டார். “வெயில் ஏறுது, கொழந்தையத் தூக்கினு போ,” என்று மட்டும் சொன்னார்.

அப்புறமும் ஐந்து நாள் எழுத முடியவில்லை. ஏமாற்றினேன் என்கிற ஒரு வார்த்தை கை வரைக்கும் வந்து நின்றுவிடும். ‘சரியாக விளக்கத் தவறிவிட்டேன்’ என்று எழுதுவேன், கிழிப்பேன். இதற்குள் செய்தி எப்படியோ பத்மநாபன் சாருக்குப் போய்விட்டது. போன் செய்தார். கோபமே இல்லாத குரல்.

“யோசிச்சுக்கம்மா. நீ அப்படி ஒண்ணு எழுதிக் குடுத்தா, வேலையாட்கள் கையெழுத்து அத்தனையும் ஏமாத்துன்னு ஆயிடும். மனுவே போச்சு. உன் பாதுகாப்புக்குத்தானே இவ்வளவும்? புருஷன் ஊர்ல இல்லாத பொண்ணு நீ. நாளைக்குக் குழந்தைக்கு ஒண்ணுன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுவே?”

அந்தக் கேள்வி எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. யார் வீட்டுக் கதவை? நிலானிக்கு ஜுரம் வருவது போலவும், நான் இருட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவது போலவும் நினைத்து நினைத்துப் பயந்தேன். அந்தப் பயத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இதுவரை குழந்தைக்கு ஏதாவது என்றபோதெல்லாம் நான் இந்தத் தெருவில் எந்தக் கதவையும் தட்டியதில்லை. மலர்க்காவுக்குத்தான் போன் செய்திருக்கிறேன்.

பதினான்காம் நாள் எழுதினேன். தமிழில். நித்யா சொன்ன எல்லாவற்றையும் எழுதினேன். அவள் சொல்லாத ஒன்றையும் எழுதினேன், அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மனுவுக்கு முன்னாலேயே, புது வீட்டுக்கு டோக்கன் வாங்கிய அன்றைக்கே மலர்க்கா வந்து என்னிடம் சொல்லியிருந்தார். “பாத்ரூமு உள்ளயே கீதாம்மா. என் வூட்டுக்காரரை இருட்டுல கையப் புடிச்சிகினு வெளிய கூட்டினு போக வேணாம்.” நான் குழந்தை அழுகிறாள் என்று உள்ளே போய்விட்டேன். அப்போது காதில் விழவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். விழுந்தது. ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. குழந்தை அழவில்லை.

பதினைந்தாம் நாள் கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாகிறது. பட்டியல் அடுத்த மாதம்தான் வருமாம். மலர்க்கா பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்று எனக்குத் தெரியாது. வீடு கட்டுவார்களா, நடைபாதை போடுவார்களா என்பதும் தெரியாது. சங்கத்து குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் இரண்டு கேள்விக்கும் சரியான பதில் இதுதான். ஏரியா அமைதியாக இருக்கிறது, என் வீட்டோடு யாரும் பேசாத அமைதி. மாடிக்கு வந்தால் உங்களோடும் பேச மாட்டார்கள். நம்பிக்கையான ஆள் இங்கே இருக்கிறார், ஆனால் அவரை உங்களுக்குச் சொல்லுகிற யோக்கியதை எனக்கில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த அன்று நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அலுவலக கவுன்டரில் இருந்தவர் என் தாளைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “இதை நீங்களே உங்க மேல எழுதிக் குடுக்கறீங்களா? யாராவது மிரட்டினாங்களா?” என்றார். இல்லை என்றேன். “சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணுமே,” என்றார். எங்கள் தெருவில் யாரைக் கேட்பேன்? வாசலில் நித்யா நின்றிருந்தாள், நான் கொடுக்கிறேனா என்று பார்க்க வந்தவள். அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.

“முதல்ல ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்துக் குடுங்க,” என்றாள். “எங்ககிட்ட ஒண்ணு இருக்கணும்.”

எதிர்க் கடையில் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கடை வாசலில், வெயிலில், ஒரு கையில் அசலையும் மறு கையில் நகலையும் பிடித்துக்கொண்டு படித்தாள். வரி வரியாக, இங்கே ஒரு பார்வை, அங்கே ஒரு பார்வை. மெஷினிலிருந்து வந்த தாளை எதற்கு ஒத்துப் பார்க்கிறாள் என்று கடைக்காரர் வேடிக்கை பார்த்தார். நான் குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். டோக்கன் பற்றிய பத்தி வந்ததும் கொஞ்சம் நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

அப்புறம் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.